கோடாலியைப் புதைத்தது யார், யாரோடு?

நான் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் 19 வருடமாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். டெஸ்க்குக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரத்தில் நான் கொடுக்கும் பயிற்சி ஒரே ஒரு ஆங்கிலத் தொடர்தான்: ‘பெரி த ஹேட்செட்’. எழுத்தைப் பார்த்து ‘பரி’ என்று வாசிக்கிறவர்கள் உண்டு. ‘பெரி’ என்பதே சரி, ஸ்ட்ராபெரியில் வருகிற பெரி மாதிரி. நேர்ப்பொருள், கைக்கோடாலியைப் புதைப்பது. அகராதியில் பார்த்தால் சண்டையை முடித்துக்கொள்வது என்று இருக்கும். இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்றுதான் நானும் ஆரம்பத்தில் நினைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், ஒரு இரவு ஷிப்டில் சின்னச் செய்தி ஒன்று வந்தது. வெளிநாட்டில் சொத்துத் தகராறில் பல வருடம் நீதிமன்றம் ஏறி இறங்கிய அண்ணனும் தம்பியும் வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள். செய்தி ஏஜென்சி அனுப்பிய ஆங்கிலக் காப்பியின் முதல் வரியிலேயே இந்தத் தொடர் இருந்தது. பக்கம் மூட இருபது நிமிடம்தான் இருந்தது. ‘தம்பியை மன்னித்தார் அண்ணன்’ என்று தலைப்பு வைத்தேன். எடுப்பாக இருக்கிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பக்கம் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து ஒரு அஞ்சலட்டை வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ‘தம்பி என்ன தவறு செய்தார் என்று செய்தியில் எங்கேயும் இல்லையே, அண்ணன் எதை மன்னித்தார்?’ என்று ஒரே வரி. மூலக் காப்பியை எடுத்து மறுபடி படித்தேன். யார் பக்கம் நியாயம் என்று எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்கவில்லை. தம்பி குற்றவாளி என்று நான்தான் தீர்ப்பு எழுதியிருந்தேன், அதுவும் 36 பாயிண்ட் எழுத்தில். அந்த அட்டை இன்றைக்கும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

அதற்கு அப்புறம் நான் பழகிக்கொண்ட வழி இது. ஒரு மரபுத்தொடர் வந்தால், அதற்குள் இருக்கும் செயலைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். யார் செய்கிறார், தனியாகவா சேர்ந்தா என்று பாருங்கள். கையில் இருக்கும் பொருள் கடைசியில் என்ன ஆகிறது, நினைத்தால் அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு தமிழில் சொல் தேடுங்கள். அகராதிப் பொருளிலிருந்து நேரே தமிழுக்குத் தாவினால் என் தலைப்பு மாதிரிதான் ஆகும்.

இந்தத் தொடரை அப்படிப் பார்க்க வேண்டுமென்றால் வட அமெரிக்காவின் வடகிழக்குக்குப் போக வேண்டும். தமிழில் எழுதுகிறவர்கள் பலர் ‘செவ்விந்தியர் வழக்கம்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்த மக்களுக்குப் பெயர் இருக்கிறது. மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா என்ற ஐந்து இனத்தார் சேர்ந்த கூட்டமைப்புக்கு ஹோடினோஷோனி என்று பெயர். நீண்ட வீட்டின் மக்கள் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்கள் அவர்களை இரக்வா என்றார்கள், ஆங்கில நூல்களில் பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான் பார்ப்பீர்கள். பின்னால் தஸ்கரோரா இனத்தாரும் சேர்ந்து ஆறு ஆனது.

ஐந்து இனத்தாரும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு கிடந்த காலத்தில் சமாதானம் செய்ய ஒருவர் வந்தார் என்று அவர்களுடைய வாய்மொழி வரலாறு சொல்கிறது. ஹயவாதா என்பவர் அவருக்குத் துணை நின்றார். இன்றைய நியூயார்க் மாநிலத்தில், சிராக்யூஸ் நகரத்தை ஒட்டி ஒனொண்டாகா ஏரி இருக்கிறது. அங்கே ஒரு வெள்ளைப் பைன் மரத்தை வேரோடு பிடுங்கினார்கள், அந்தக் குழியில் எல்லா ஆயுதங்களையும் போட்டார்கள், மறுபடி மரத்தை அதே இடத்தில் நட்டார்கள். குழிக்கு அடியில் ஓடிய நீர் ஆயுதங்களை அடித்துக்கொண்டு போய்விட்டது. மரத்தின் நான்கு வெள்ளை வேர்கள் நான்கு திசைக்கும் போகின்றன, சமாதானம் வேண்டுகிற யாரும் அந்த வேரைப் பிடித்துக்கொண்டு நிழலுக்கு வரலாம் என்று கதை முடிகிறது. நிலத்தடி நீரை நன்றாக நினைவில் வையுங்கள், கொஞ்ச நேரத்தில் அது தேவைப்படும்.

இனி ஆங்கிலப் பக்கம் வருவோம். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தைச் சேர்ந்த சாமுவேல் சூவல் 1680-ல் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. மோஹாக்குகளோடு ஏற்பட்ட தகராறைப் பேசித் தீர்க்க மாசசூசெட்ஸ் தரப்பில் மேஜர் பிஞ்சன் இன்றைய நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் ஆல்பனிக்குப் போனார். அவர்களுடைய தலைவரைச் சந்தித்து உடன்பாட்டுக்கு வந்தார்கள், இரண்டு கோடாலிகளை மண்ணில் புதைத்தார்கள் என்று சூவல் எழுதுகிறார். எழுதிக் கையெழுத்துப் போடும் சமாதான ஷரத்துகள் எல்லாவற்றையும்விட அந்தச் சடங்குதான் அவர்களுக்குப் பெரியது, அதுதான் அவர்களைக் கட்டுப்படுத்தும் என்றும் சேர்க்கிறார். கோடாலி அவர்களுடைய முக்கிய ஆயுதம் என்று காரணமும் சொல்கிறார்.

இரண்டு கோடாலிகள். நான் முதன்முதலில் அந்த வரியைப் படித்தபோது சட்டென்று என் அண்ணன் தம்பி தலைப்புதான் நினைவுக்கு வந்தது. ஒரு கோடாலி என்றால் ஒருவர் விட்டுக்கொடுத்தார் என்று படிக்க இடம் உண்டு. இரண்டு என்று எண்ணிச் சொல்லும்போது இரண்டு பக்கமும் ஏதோ ஒன்றை மண்ணுக்குள் விட்ட மாதிரி எனக்குத் தெரிகிறது. ஒன்று ஆங்கிலேயருக்கு, இன்னொன்று மோஹாக்குகளுக்கு என்று சூவலே பிரித்தும் சொல்கிறார்.

இதே சூவலின் வாழ்க்கையில் இன்னொரு காட்சியும் உண்டு, மன்னிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 1692-ல் மாசசூசெட்ஸின் சேலம் நகரில் சூனியக்காரர்கள் என்று சொல்லிப் பலரைத் தூக்கில் போட்டார்கள் அல்லவா, அந்த வழக்குகளை விசாரித்த நீதிபதிகளில் அவரும் ஒருவர். 1697-ல் பாஸ்டன் தேவாலயத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்றார், அவர் எழுதிக் கொடுத்த ஒப்புதலைப் போதகர் வாசித்தார், பழியும் அவமானமும் தன்னுடையவை என்று ஏற்றுக்கொண்டார். தவறு ஒருவருடையது, எழுந்து நின்றவரும் ஒருவரே. இந்தச் செய்திக்கு ‘மன்னிப்பு’ என்ற சொல் பொருந்தும். ஆல்பனியில் நடந்ததற்குப் பொருந்தாது.

திரும்ப எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு ஆங்கிலத்திலேயே பதில் இருக்கிறது. ‘டேக் அப் த ஹேட்செட்’ என்றால் போருக்குக் கிளம்புவது. ‘டிக் அப் த ஹேட்செட்’ என்றால் தோண்டி எடுத்து மறுபடி சண்டைக்குப் போவது. ஆக, ஒப்பந்தக் காலத்துக் கோடாலி மண்ணுக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது, இடமும் இரண்டு பேருக்கும் தெரியும். பைன் மரத்தடியில் நீர் கொண்டுபோன ஆயுதத்தை யாரும் தோண்டி எடுக்க முடியாது. இந்தத் தொடரை மொழிபெயர்க்கும்போது உங்கள் கையில் இருப்பது எந்தக் கோடாலி என்று யோசித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பத்தில் ஒன்பது செய்திகளில் அது தோண்டி எடுக்கக்கூடிய கோடாலிதான்.

இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1761 ஜூன் 25 அன்று நடந்ததைப் பாருங்கள். பல வருடப் போருக்குப் பிறகு, அங்கே பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் தலைவர்கள் ஹாலிஃபாக்ஸில் பிரிட்டிஷாரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அப்போது அந்தப் பகுதியை நிர்வகித்தவர் ஜொனாதன் பெல்ச்சர். தலைவர்களில் ஒருவர் எல்லோர் சார்பிலும் பேசினார். அழுகிப் போவதைத் தவிர வேறெதற்கும் ஆகாத பிணத்தைப் போல இந்தக் கோடாலியைப் புதைக்கிறேன், இனி உங்களுக்கு எதிராக இதைப் பயன்படுத்துவது எனக்குத் தகாது, என்னால் முடியவும் முடியாது என்றார். தோண்ட முடியும் என்று தெரிந்த ஒருவர்தான் அதைப் பிணம் என்று சொல்லியிருப்பார். பிணத்தை யாரும் திரும்பத் தோண்டி எடுத்து வீட்டில் வைத்துக்கொள்வதில்லையே.

அந்த நாட்களின் ஒப்பந்தங்கள் ஏட்டில் தூங்கிவிடவும் இல்லை. 1993-ல் டொனால்ட் மார்ஷல் என்ற மிக்மாக் மனிதர் 463 பவுண்டு விலாங்கு மீன் பிடித்து விற்றார் என்று கனடா அரசு வழக்குப் போட்டது. 1760, 1761-ல் போட்ட ஒப்பந்தங்களின்படி அவருக்கு அந்த உரிமை உண்டு என்று 1999-ல் கனடா உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. சடங்கை மதித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது கைகொடுத்தது.

அமெரிக்காவின் பூர்வகுடிகளான செரோக்கி மக்களுக்கு அப்படி நடக்கவில்லை. 1785 நவம்பரில் தென் கரோலினாவில் ஹோப்வெல் என்ற இடத்தில் அமெரிக்க அரசு அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தின் 13-வது பிரிவு, கோடாலி என்றென்றைக்கும் புதைக்கப்படும் என்று தொடங்குகிறது. 1830-ல் அமெரிக்கா வெளியேற்றச் சட்டம் கொண்டுவந்தது. 1838-ல் பட்டாளத்தை அனுப்பி அவர்களைச் சொந்த நிலத்திலிருந்து மேற்கே விரட்டியது, வழியில் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். கண்ணீர்ப் பாதை என்று அதற்குப் பெயர். ‘என்றென்றைக்கும்’ என்று எழுதியிருந்தும் 53 வருடம்தான் ஆயிற்று. அதனால்தான் செய்தியில் இந்தத் தொடர் வரும்போது ‘நிரந்தர சமாதானம்’, ‘பகைக்கு முடிவு கட்டினார்கள்’ என்றெல்லாம் எழுத என் கை போவதில்லை. மூலம் சொல்லாத உத்தரவாதத்தை நாம் எதற்குத் தர வேண்டும்?

சரி, இப்போது தமிழுக்கு வருவோம். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

‘சமாதானம் ஆனார்கள்’ பெரும்பாலான இடங்களுக்குப் பொருந்தும், இரண்டு பக்கமும் அதற்குள் இருக்கிறது. ஆனால் வேற்றுமை உருபில் கவனம் தேவை. ‘அண்ணன் தம்பியுடன் சமாதானம் ஆனார்’ என்றால் இருவரும் சேர்ந்து செய்தது. ‘அண்ணன் தம்பியைச் சமாதானப்படுத்தினார்’ என்று எழுதினால், கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பியை அண்ணன் தட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்தில் ‘வித்’ என்று வருகிற இடத்தில் நமக்கு ‘உடன்’ அல்லது ‘ஓடு’ வர வேண்டும். இந்தத் தொடரில் ‘ஐ’ எட்டிப் பார்த்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்பச் செய்தி, பேட்டி, கதை என்றால் ‘ராசியாகிவிட்டார்கள்’ எனக்குப் பிடித்த சொல். யார் முதலில் இறங்கிவந்தார் என்று அது கேட்பதில்லை. நாளைக்கு மறுபடி முட்டிக்கொள்ளலாம் என்ற இடமும் அதில் இருக்கிறது. இரண்டு நாடுகளைப் பற்றி எழுதும்போது மட்டும் எடுபடாது.

‘பகையை மறந்தார்கள்’ என்று பத்திரிகைகளில் நிறைய எழுதுகிறோம். மோசமில்லை. ஆனால் கோடாலியைப் புதைத்தவர்கள் எதையும் மறக்கவில்லை, புதைத்த இடம் அவர்களுக்கு நினைவிருக்கிறது. மூலத்தில் கசப்பு இன்னும் மிச்சம் இருக்கிறது என்று அடுத்த வரி சொன்னால், ‘பகையை ஒதுக்கிவைத்தார்கள்’ என்று எழுதுங்கள். ‘சமரசம்’ என்றால் நடுவில் ஒருவர் உட்கார்ந்து இருவரையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வைத்த தொனி வருகிறது, அப்படி நடந்திருந்தால் எழுதலாம்.

‘கைகோத்தார்கள்’ வேண்டாம். சண்டையை நிறுத்துவது ஒன்று, கூட்டணி சேருவது வேறு. தேர்தல் காலத்தில் இந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய பொய்யைக் கிளப்பிவிடும் என்று டெஸ்க்கில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ‘ஆயுதத்தைக் கீழே போட்டார்கள்’ என்றால் தோற்றுச் சரணடைந்தது போல ஆகிவிடும், அதுவும் கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ‘பகை தீர்த்தார்கள்’. தீர்த்தார்கள் என்றால் முடித்தார்கள்தானே என்று தோன்றும். போன வருடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண் இரண்டு முன்னாள் ராணுவத் தளபதிகளைப் பற்றிய செய்தியில் ‘இருபது வருடப் பகையைத் தீர்த்துக்கொண்டார்கள்’ என்று எழுதிவிட்டாள். நல்ல வேளை, அச்சுக்குப் போகுமுன் பார்த்தோம். தமிழில் பகை தீர்த்துக்கொள்வது என்றால் வெட்டிச் சாய்ப்பது. அவளைக் குறை சொல்ல மாட்டேன், அகராதியை நம்பி எழுதினால் யாருக்கும் வரக்கூடிய பிழைதான்.

ஒரு மதியம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது ஸ்போர்ட்ஸ் டெஸ்க் நண்பர் ஒருவர், பேசாமல் இருந்த இரண்டு கிரிக்கெட் வீரர்களைப் பற்றி ‘பழம் விட்டாச்சு!’ என்று தலைப்பு வைக்கலாமா என்று கேட்டார். எழுந்து கையைக் கொடுத்தேன். இந்தத் தொடருக்குத் தமிழில் இருக்கும் மிக நெருங்கிய உறவு அதுதான் என்று நினைக்கிறேன். காய் விட ஒருவர் போதும், சுண்டுவிரலை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். பழம் விட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இரண்டு விரலை நீட்ட, மற்றவளும் நீட்ட வேண்டும், அப்போதுதான் செல்லும். யார் பென்சிலை உடைத்தது என்ற விசாரணை கிடையாது. நாளைக்கே மறுபடி காயும் விடலாம். ஆல்பனியில் நடந்ததன் எலும்புக்கூடு அப்படியே நம் பள்ளிக்கூடத் திண்ணையில் இருக்கிறது. விளையாட்டுப் பக்கத்திலும் சினிமாப் பக்கத்திலும் தாராளமாக எழுதலாம். போர்நிறுத்தச் செய்தியில் எழுத முடியாது, செத்தவர்கள் இருக்கிறார்கள்.

இதே வழியை மற்றத் தொடர்களுக்கும் பழக்கிப் பாருங்கள். ஒலிவ மரக் கிளையை நீட்டுவது என்று ஆங்கிலத்தில் ஒன்று உண்டு. நீட்டுகிறவர் ஒருவர்தான், எதிரில் இருப்பவர் இன்னும் வாங்கவில்லை. அங்கே ‘சமாதானம் ஆனார்கள்’ என்று எழுதினால் நடக்காததை எழுதியதாகிவிடும், ‘நேசக்கரம் நீட்டினார்’ சரியாக உட்காரும்.

‘ரீட் த ரயட் ஆக்ட்’ இன்னொன்று. நேர்ப்பொருள், கலகச் சட்டத்தை வாசிப்பது. நிறையப் பேர் ‘திட்டித் தீர்த்தார்’ என்று எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் 1715-ல் நடைமுறைக்கு வந்த கலகச் சட்டத்தின்படி, 12 பேரோ அதற்கு மேலோ கலவரமாகக் கூடினால் அதிகாரி வந்து, கலைந்து போகச் சொல்லும் அரச ஆணையை உரக்க வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்த பிறகு ஒரு மணி நேரம் அவகாசம். அதற்கு அப்புறமும் நின்றால் அன்றைக்கு அது மரண தண்டனைக்குரிய குற்றம். ஆக, வாசிக்கும்போது தண்டனை இன்னும் வரவில்லை. ‘இதற்கு மேல் பொறுக்க மாட்டேன் என்று கறாராக எச்சரித்தார்’ என்றால் அந்த ஒரு மணி நேரமும் உள்ளே வந்துவிடுகிறது.

பயிற்சியின் கடைசி நாளில் நான் கொடுக்கும் செய்தி எப்போதும் ஒன்றுதான். அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தின் சசெக்ஸ் வட்டாரத்தில் ஜார்ஜ்டவுன் என்று ஒரு ஊர். பொதுத் தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் அங்கே ‘ரிட்டர்ன் டே’ கொண்டாடுகிறார்கள். 1791-ல் வட்டாரத் தலைநகரை லூயிஸ் நகரிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு மாற்றிய காலத்திலிருந்து வரும் பழக்கம் அது. வாக்குப் போட்டுவிட்டுப் போனவர்கள் முடிவைக் கேட்க இரண்டு நாள் கழித்துத் திரும்பி வருவார்களாம். இப்போது ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் குதிரை வண்டியில் ஊர்வலம் வருகிறார்கள், நீதிமன்றத்தின் முன்னால் முடிவுகளை உரக்க வாசிக்கிறார்கள். அப்புறம் இரண்டு கட்சித் தலைவர்களும் ஒரே கோடாலியைச் சேர்ந்து பிடித்து, லூயிஸ் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த மணலில் புதைக்கிறார்கள்.

ஏஜென்சி காப்பியில் நான்கைந்து சொற்கள்தான் இருக்கும்: கட்சித் தலைவர்கள், இந்தத் தொடர், அவ்வளவுதான். இவ்வளவு நாள் நான் சொன்னதையெல்லாம் கேட்டவர்கள் ‘இரு கட்சித் தலைவர்களும் சமாதானம் ஆனார்கள்’ என்று எழுதிக்கொண்டு வருவார்கள். போன வருடம் பகை தீர்த்த அந்தப் பெண் மட்டும் அரை மணி நேரம் கழித்து வந்தாள். காப்பியோடு வந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாள், மணல் பெட்டியும் கோடாலிப் பிடியும் தெரிந்திருக்கின்றன. அவள் தாளில் இப்படி இருந்தது: ‘கோடாலியை மணலில் புதைத்தனர் இரு கட்சித் தலைவர்களும்.’ ஒரு எழுத்தும் மாற்றாமல் பக்கத்துக்கு அனுப்பினேன்.